கிறிஸ்தவ மெட்டல் தனி வகையா? பிடித்த ஐந்து பேண்டுகளும் ஒரு பழைய சண்டையும்

பிப்ரவரி 16, 2024. வியாசர்பாடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டது:
அண்ணா, எனக்கு 19 வயது. சபையில் டிரம்ஸ் வாசிக்கிறேன். கிறிஸ்தவ மெட்டல் என்று தனி வகை இருக்கிறதா? என் நண்பன் அப்படி ஒன்று கிடையாது, ஸ்ட்ரைப்பர் பேண்டு மெட்டலே இல்லை என்கிறான். உங்களுக்குப் பிடித்த ஐந்து பேண்டு சொல்லுங்கள்.

பிப்ரவரி 16, இரவு 11.40
உன் நண்பன் சொன்னது இரண்டுமே சரி. மெட்டல் என்பது கனத்த கிட்டாரும் உரத்த டிரம்ஸும் கொண்ட ராக் இசை. வகை என்பது சத்தத்துக்கு வைக்கிற பெயர். கிட்டார் எப்படி அடிக்கிறார்கள், டிரம்ஸ் எந்த நடையில் ஓடுகிறது, குரல் பாடுகிறதா உறுமுகிறதா என்பதை வைத்துத்தான் திராஷ், டெத், டூம், பிளாக் என்று பிரிக்கிறோம். இயேசுவைப் பாடினால் அது பாட்டின் பொருள். பொருள் மாறினால் வகை மாறாது.

என் ஐந்து: டூர்னிகெட், பிலீவர், மார்ட்டிஃபிகேஷன், டிரபிள், நார்வேயின் ஹோர்ட். ஸ்ட்ரைப்பர் மெட்டல் உடை போட்ட பாப்.

பிப்ரவரி 17
ஒருவர் “திராஷுக்கும் டெத்துக்கும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை, எல்லாம் இரைச்சல்” என்று எழுதியிருக்கிறார். கிட்டாரை விடுங்கள், டிரம்ஸை மட்டும் கேளுங்கள். நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் இருக்கிற சந்துகளில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு தையல் மெஷின் ஓடும். காலால் மிதிக்கிற மெஷின். துணி மெல்லியதாக இருந்தால் டகடகடக என்று ஒரே சீராக ஓடும். அதுதான் டபுள் பெடல்: இரண்டு காலும் மாறி மாறி பாஸ் டிரம்மை, அதாவது தரையில் நிற்கிற பெரிய டிரம்மை, அடிப்பது. திராஷில் இந்த ஓட்டம் அங்கங்கே வந்து போகும். அடிப்படை நடை பாஸ், ஸ்னேர் (குச்சியால் அடிக்கிற சின்ன டிரம்), பாஸ், ஸ்னேர் என்று துரத்துகிற நடை. ஆள் ஓடுகிற வேகம். டெத் மெட்டலில் கிட்டாரின் சுருதியை இன்னும் கீழே இறக்கி, குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்து, டபுள் பெடலை அதிகநேரம் ஓட விடுவார்கள். பிளாஸ்ட் பீட் என்பது ஸ்னேரும் பாஸும் சிம்பலும் ஒன்றையொன்று விடாமல் மழை போலக் கொட்டுவது. அது டெத்திலும் உண்டு, ஆனால் பிளாக் மெட்டலில் அதுதான் தரை, அதன் மேல் கிட்டார் ஒற்றைத் தந்தியை அதிரவிட்டுக்கொண்டே போகும், குரல் கீச்சிடும். டூம் இதற்கெல்லாம் எதிர். ஒரு அடி அடித்துவிட்டு அடுத்த அடிக்குக் காத்திருக்க வைக்கும்.

பவர் மெட்டலைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. உயர்ந்த குரல், ஊர்வல மெட்டு. ஸ்வீடனின் நார்னியா கேட்டிருக்கிறேன், நன்றாகவே இருக்கும்.

பிப்ரவரி 18
திருத்தம். ஹோர்ட் நார்வே பேண்டு என்று எழுதியது என் தவறு. எண்ணூரிலிருந்து ஒரு அண்ணன் சரியாகப் பிடித்தார். ஆல்பத்தின் பெயர் ‘ஹெல்லிக் உஸ்வார்ட்’ என்று நார்வேஜிய மொழியில் இருந்ததால் இத்தனை வருடம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஆஸ்திரேலியா. பேண்டுகூட இல்லை, ஒரே ஆள்: ஜேசன் ஷெர்லாக். 1994-இல் அந்த ஆல்பம் வந்தபோது அவர் பெயரையே போடவில்லை. மார்ட்டிஃபிகேஷனில் டிரம்ஸ் அடித்தவரும் அவர்தான். ஆக, என் ஐந்தில் இரண்டு இடம் ஒரே மனிதருடைய கைகளுக்குப் போயிருக்கிறது.

அந்த ஆல்பத்தின் பெயருக்குப் பொருள் ‘புனிதமான கறுப்பல்லாதது’. நார்வேயில் 1992 ஜூன் 6 அன்று ஃபான்டாஃப்ட் என்ற பழைய மரத் தேவாலயம் எரிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து இன்னும் பல தேவாலயங்கள் எரிந்தன. கிறிஸ்தவத்தை எதிர்த்த அங்கத்திய பிளாக் மெட்டல் கூட்டத்தில் இருந்தவர்கள் சிலர் அதற்காகச் சிறைக்கும் போனார்கள். இரண்டே வருடத்தில் ஒருவர் அதே கீச்சுக்குரலில், அதே பிளாஸ்ட் பீட்டில், அதே கரகரப்பான ஒலிப்பதிவில் கிறிஸ்துவைப் பாடி, அதையும் நியூக்ளியர் பிளாஸ்ட் என்ற பெரிய மெட்டல் கம்பெனி மூலமாகவே வெளியிடுகிறார். இதை அன்பிளாக் மெட்டல் என்று அழைக்க ஆரம்பித்தார்கள்.

இதை எழுதும்போதே முதல் நாள் சொன்னது இடிக்கிறது. சத்தம் முழுக்க பிளாக் மெட்டல். ஆனாலும் அதைக் கேட்டவர்கள் ‘இது பிளாக் மெட்டல் இல்லை’ என்று கொதித்தார்கள். அவர்களுக்குப் பொருளும் வகையின் பகுதி. யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

பிப்ரவரி 20
இன்னும் யோசிக்கிறேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு
ஆராதனை முடிந்து வந்து ஸ்ட்ரைப்பரை முழுக்கக் கேட்டேன். 1986 ஆல்பம், அமெரிக்காவில் 10 லட்சத்துக்கு மேல் விற்றது. நான் பாப் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். மெதுவான காதல் பாட்டு மாதிரி இரண்டு மூன்று இருக்கின்றன, அதை வைத்து மொத்த பேண்டையும் எடை போட்டுவிட்டேன். மைக்கேல் ஸ்வீட்டும் ஆஸ் ஃபாக்ஸும் இரண்டு கிட்டாரைச் சேர்த்து இழைக்கிற இடங்கள் சுத்தமான ஹெவி மெட்டல். அந்த உச்சக் குரல் எண்பதுகளின் ஹெவி மெட்டல் குரலேதான்.

அப்புறம் என் மனதிலிருந்த வேறு ஒரு கணக்கும் இதில் சேர்ந்துவிட்டது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

என் மாமா கப்பலில் வேலை பார்த்தார். லீவுக்கு ராயபுரம் வரும்போது எனக்குக் கேசட் கொண்டுவருவார். எனக்கு 14 வயதில் வந்தது ஸ்ட்ரைப்பர். அட்டையில் மஞ்சளும் கறுப்பும் பட்டை பட்டையாக உடுத்திய நான்கு பேர். பேரோடு ஏசாயா 53:5 என்று எழுதியிருந்தது. நான் பைபிளை எடுத்துப் பார்த்தேன். அவருடைய தழும்புகளால் குணமாகிறோம் என்ற வசனம். ஆங்கிலத்தில் தழும்புக்கும் உடையில் இருக்கிற பட்டைக்கும் ‘ஸ்ட்ரைப்’ என்ற ஒரே சொல் என்று மாமா விளக்கினார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. உடம்பில் விழுந்த அடியை உடையாக மாட்டிக்கொண்டு மேடை ஏறியிருக்கிறார்கள் என்பது அந்த வயதில் பெரிய விஷயமாக இருந்தது. இப்போதும் பெரிய விஷயம்தான். அவர்கள் கச்சேரியில் கூட்டத்துக்குள் புதிய ஏற்பாட்டை வீசுவார்கள். அதற்காகவே அமெரிக்காவில் சில போதகர்கள் அவர்களைத் திட்டினார்கள்.

திட்டு எனக்கும் கிடைத்தது. 1999-இல் நான் போய்க்கொண்டிருந்த சபையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஞாயிறு காலை, வேகமான துதிப்பாட்டு. ஆறு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய டபுள் பெடலை முதல்முறையாக மாட்டிக்கொண்டு போயிருந்தேன். கடைசிச் சரணத்தில் இரண்டு காலையும் விட்டேன். பாஸ்டர் கையைத் தூக்கிப் பாட்டையே நிறுத்தினார். “இது பிசாசின் ஓட்டம்” என்றார், மைக்கில். பெடலைக் கழற்றி வெளியே திண்ணையில் வைக்கச் சொன்னார்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க நான் குனிந்து ஸ்க்ரூவைத் திருகிக் கழற்றியது இன்றைக்கும் விரல் நுனியில் இருக்கிறது. 150-ஆம் சங்கீதத்தில் பேரோசையுள்ள கைத்தாளம் என்றுதானே வருகிறது என்று கேட்க நினைத்தேன், வாய் வரவில்லை. ஒரு வருடம் டிரம்ஸ் பக்கமே போகவில்லை. அந்தக் கோபத்தில் ‘ஸ்ட்ரைப்பர் சபைக்குப் பயந்த பாட்டு, எனக்கு முரட்டுச் சத்தம்தான் வேண்டும்’ என்று ஒரு முடிவுக்கு வந்தேன். 25 வருடமாக அதையே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். அந்த நான்கு பேரும் எனக்கு முன்னாலேயே அதே திட்டை வாங்கியவர்கள்.

மார்ச் 3
“கிறிஸ்தவ மெட்டலுக்கு வெள்ளை மெட்டல் என்ற பெயர் எங்கிருந்து வந்தது?” சிகாகோவின் டிரபிள் பேண்டு 1984-இல் முதல் ஆல்பம் போட்டபோது, அவர்களுடைய கம்பெனி மெட்டல் பிளேட், பிளாக் மெட்டலுக்கு எதிராக நிறுத்தி விற்பதற்காகப் பயன்படுத்திய சொல் அது. பாட்டுகளில் சங்கீத வசனங்கள் இருந்தன என்பது உண்மை. ஆனால் சத்தம் டூம். நேராக பிளாக் சபாத் என்ற பழைய இங்கிலாந்து பேண்டின் பிள்ளைகள்.

பிளாக் சபாத் என்றதும் சாத்தான் என்று முகம் சுளிக்கிறவர்கள் நம் பக்கம் நிறைய. பர்மிங்ஹாம் தொழிலாளர் பிள்ளைகள் நான்கு பேர். அவர்களில் கிட்டார் வாசித்த டோனி அயோமி 17 வயதில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் கடைசி நாள் வேலைக்குப் போய் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை மெஷினில் விட்டவர். இடதுகைக்காரர், ஆக தந்தியை அழுத்துகிற விரல்கள் அவை. பிளாஸ்டிக்கை உருக்கித் தொப்பி மாதிரி செய்து மாட்டிக்கொண்டு, மெல்லிய தந்தி போட்டு வாசித்தார். பிறகு தந்தியைத் தளர்த்தி சுருதியையும் இறக்கினார். மெட்டலின் அந்தக் கனத்த சத்தத்தில் ஒரு பங்கு அறுந்த விரலிலிருந்து வந்தது.

நான் லேத்து பட்டறையில் வேலை பார்க்கிறவன். திருவொற்றியூரிலும் பெரம்பூரிலும் பிரஸ் ஷாப்பில் விரல் போனவர்களை நம் தெருவிலேயே காட்ட முடியும். என் பக்கத்து மெஷின்காரர் ஒருவருக்கு ஆள்காட்டி விரலில் பாதி கிடையாது, அந்தக் கையால்தான் இன்றைக்கும் சபையில் கஞ்சிரா வாசிக்கிறார். எனக்கு அயோமியின் கதையைப் படித்தபோது அது வேறு நாட்டுக் கதையாகத் தோன்றவில்லை.

பிளாக் சபாத் சுருதியை மூன்று அரைச்சுரம் இறக்கிய 1971 ஆல்பத்திலேயே ‘ஆஃப்டர் ஃபாரெவர்’ என்று ஒரு பாட்டு இருக்கிறது. எழுதியவர் அதே பேண்டில் இருந்த, கத்தோலிக்க வீட்டில் வளர்ந்த கீஸர் பட்லர். கடவுளை மறுக்கிறவனைப் பார்த்து, சாவு வரும்போது என்ன செய்வாய் என்று கேட்கிற பாட்டு. கிறிஸ்தவ பேண்டு என்ற பேச்சே எழாத இடத்தில் அது வந்திருக்கிறது.

மார்ச் 9
ஆயா நினைவு. ஆயா காசிமேட்டுக்காரி, ராயப்பர் கோயிலை விட்டு வேறு எங்கும் போகாதவள். (ராயபுரம் என்ற பெயரே ராயப்பரிடமிருந்து, அதாவது பேதுருவிடமிருந்து வந்தது என்பதை ஆயா வாரம் ஒருமுறையாவது சொல்லுவாள்.) நான் வீட்டில் மார்ட்டிஃபிகேஷன் போட்டால், “இன்னாடா, தொண்டையில முள்ளு மாட்டிக்கிச்சா அவனுக்கு?” என்பாள். மெல்போர்ன்காரர்கள், 1992 ஆல்பம், உறுமல் அப்படி. பாடிய ஸ்டீவ் ரோவுக்கு 1996-இல் ரத்தப் புற்றுநோய் வந்தது, பிழைத்து வந்து மறுபடி பாடினார் என்று சொன்னபோது, “அப்ப கத்தட்டும், உடு” என்றாள்.

ஒருநாள் பாரமீசியம் என்ற பேண்டைப் போட்டேன். அதுவும் மெல்போர்ன், 1993, டூம். வயலினும் புல்லாங்குழலும் ஒரு பெண் குரலும் நடுவில் வரும். ஆயா மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “யாருடா செத்தது?” என்றாள். யாருமில்லை, பாட்டு என்றேன். “இல்ல, இது ஒப்பாரிதான்” என்று சொல்லி, தவக்கால வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் பாடுகிற ராகத்தை அதன் மேலேயே முனகினாள். பொருந்தியது. அன்றைக்கு எனக்கு வகை என்றால் என்னவென்று புரிந்தது. டூம் என்றால் ஒப்பாரி, திராஷ் என்றால் சண்டை என்று ஒரு கணக்கு.

அந்தக் கணக்கு தப்பு என்று இன்றைக்குத் தோன்றுகிறது. காரணம் நாளைக்கு.

மார்ச் 17
நாளைக்கு என்று சொல்லி ஒரு வாரம் ஆகிவிட்டது, பட்டறையில் நைட் ஷிப்ட்.

எங்கள் தெருவில் போன வாரம் ஒரு பெரியவர் தவறிவிட்டார். பறையும் சட்டி மேளமும் வந்து இறங்கின. கேட்டிருப்பீர்கள், அது மெதுவான சத்தமா? வேகம். காலை நிற்க விடாத வேகம். பையன்கள் ஆடிக்கொண்டே போகிறார்கள். ஒப்பாரி வீட்டுக்குள்ளே, பெண்களிடம், மெதுவாக. தெருவில் சாவு ஓடுகிறது. ஆகவே வடசென்னைக் காதுக்குச் சாவின் சத்தம் டூமும்தான், திராஷும்தான். வேகம் என்றால் சண்டை, மெதுவென்றால் துக்கம் என்பது நான் கேசட்டு அட்டைகளிலிருந்து கற்ற கணக்கு, என் தெருவிலிருந்து கற்றதில்லை.

ராத்திரி கானா. டோலக், டேப் என்கிற கைமேளம், ஒரு மைக். மரண கானா. அதே பாடகர் அதற்கு முந்தின வாரம் ஒரு கல்யாணத்தில் பாடினார், அதே டோலக் நடை, அதே மெட்டு என்றுகூடச் சொல்லலாம். இது மரண கானா, அது கல்யாண கானா. யாரும் ‘சத்தம் ஒன்றுதானே, எதற்கு இரண்டு பெயர்’ என்று கேட்பதில்லை. யாருக்காக, எந்த வாசலில் நின்று பாடுகிறோம் என்பதை வைத்து அந்தப் பெயர். நடுராத்திரிக்கு மேல் அவரே இயேசுவின் பாடுகளைப் பற்றி ஒரு கானா எடுத்தார், செத்தவர் வீட்டார் கிறிஸ்தவர்கள் என்பதால். கூட்டம் அமைதியானது. அதுவும் ஒரு பெயருக்குரிய பாட்டு.

தம்பி, முதல் நாள் உனக்குச் சொன்னதை மாற்றுகிறேன். கிறிஸ்தவ மெட்டல் என்ற பெயர் உண்டு, அது தேவையும்கூட. ஆனால் அது திராஷ், டெத் என்ற வரிசையில் நிற்கிற பெயர் இல்லை. மரண கானா என்ற வரிசையில் நிற்கிற பெயர். சத்தத்துக்கு ஒரு பெயர், வாசலுக்கு ஒரு பெயர். டூர்னிகெட் சத்தத்தில் திராஷ், வாசலில் கிறிஸ்தவம். ஹோர்ட் மட்டும் இன்னும் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. அங்கே வாசலே சத்தத்துக்குள் புகுந்துவிட்டது. பிளாக் மெட்டல்காரர்கள் கோபப்பட்டதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. நம் மரண கானாவை எவனாவது எடுத்துச் செத்தவரை ஏசப் பாடினால் நாம் சும்மா இருப்போமா?

மார்ச் 18
எண்ணூர் அண்ணன் பதில்: “தம்பி, அவங்க கோயிலை எரிச்சாங்க, இவர் பாட்டுதான் பாடினார். ரெண்டும் ஒண்ணா?” இல்லை, ஒன்றில்லை. நேற்றைய கடைசி இரண்டு வரி அவசரத்தில் வந்தது. அவர்களுடைய கோபத்தை நான் புரிந்துகொள்ளலாம், நியாயம் என்று சொல்லியிருக்கக் கூடாது. அண்ணன் இன்னொன்றும் ஞாபகப்படுத்தினார். நார்வேயிலேயே, அதே கூட்டத்துக்கு நடுவில், ஆன்டெஸ்டர் என்ற கிறிஸ்தவ பேண்டு இருந்தது. 1998-இல் அவர்களுடைய ஆல்பத்தை வெளியிட்டது ககோஃபோனஸ் என்ற இங்கிலாந்துக் கம்பெனி, கிறிஸ்தவத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சத்தம் பிடித்ததால் எடுத்துக்கொண்டார்கள். வாசல் மாறியும் சில பாட்டு உள்ளே விடப்படுகிறது.

மார்ச் 24, குருத்து ஞாயிறு
மெட்டல்கோர், அதாவது மெட்டலும் ஹார்ட்கோர் என்கிற முரட்டு பங்க் இசையும் கலந்த வகை, அதைப் பற்றி மூன்று பேர் சண்டை போட்டிருக்கிறீர்கள். நான் அதில் சுருக்கமாக: ஆர்கன்சாவின் லிவிங் சாக்ரிஃபைஸ் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திராஷும் டெத்துமாக இருந்து, 1997 ஆல்பத்தில் ஹார்ட்கோர் பக்கம் திரும்பியதைக் கேட்டாலே அந்த வழி தெரியும். பாட்டு நடுவில் வேகத்தைப் பாதியாக உடைத்துப் போடுகிறார்களே, அந்த இடம் எனக்குப் பிடிக்கும். அதற்கு மேல் எனக்கு அதில் பயிற்சி இல்லை, சின்னவர்கள் எழுதுங்கள்.

டூர்னிகெட் பற்றி யாருமே கேட்கவில்லையே? அவர்களை உருவாக்கிய டிரம்மர் டெட் கிர்க்பாட்ரிக் 2022-இல் இறந்தார். டிரபிள் பேண்டுக்கும் சில காலம் வாசித்தவர். மருத்துவச் சொற்களை வைத்தே பாட்டுக்குப் பெயர் வைப்பார்கள். 1990-இல் வந்த முதல் ஆல்பத்தில் மிருகங்களை வதைப்பதைக் கண்டித்து ஒரு பாட்டு, நோவாவின் பேழையை மனதில் வைத்து எழுதியது. அவர் தாளம் மாற்றுகிற இடங்களை நான் தீப்பெட்டி மேல் விரலால் அடித்துப் பழகினேன். ஏழு எண்ணிக்கையில் ஓடிக்கொண்டிருக்கும், சட்டென்று மூன்றுக்குத் தாவும். மிஸ்ர சாபு தெரிந்தவர்களுக்கு ஏழு பயமில்லை.

மார்ச் 29, பெரிய வெள்ளி
மூன்று மணி நேர ஆராதனை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தை, வெயில். வந்து படுத்துக்கொண்டு பிலீவரின் 1990 ஆல்பத்தில் இருக்கிற ‘டீயெஸ் ஈரே’ கேட்டேன். பழைய லத்தீன் இறந்தோர் பூசைப் பாட்டின் வரிகள், நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றியது. பென்சில்வேனியாவின் திராஷ் பேண்டு, நடுவில் ஒரு பெண்ணின் ஓபரா குரல், கம்பி வாத்தியங்கள், திரும்ப கிட்டார். இந்தக் கலப்பு பின்னால் ஐரோப்பாவில் பெரிய மோஸ்தர் ஆனது. பிலீவர் அதை முன்பே செய்துவிட்டார்கள்.

தெரு மாதிரியே இருக்கிறது இந்தப் பாட்டு. உள்ளே பெண் குரல் அழுகிறது, வெளியே மேளம் ஓடுகிறது. எத்தனை முறை கேட்டிருப்பேன், இன்றைக்குத்தான் இது காதில் விழுந்தது. ஆயா இருந்திருந்தால் கத்தியைக் கீழே வைத்திருப்பாள்.

ஏப்ரல் 2
தம்பி கேட்ட ஐந்து, திருத்தியது: பிலீவர், டூர்னிகெட், டிரபிள், பாரமீசியம், ஸ்ட்ரைப்பர். மார்ட்டிஃபிகேஷனை எடுத்தது வருத்தம்தான். ஹோர்டைத் தனியாக வைத்திருக்கிறேன், எங்கே வைப்பது என்று தெரியாமல்.

உன் இன்னொரு கேள்வி, சபையில் டபுள் பெடல் வாசிக்கலாமா என்பது. முதலில் உங்கள் பாஸ்டரிடம் வார நாளில் போய் வாசித்துக் காட்டு, ஞாயிற்றுக்கிழமை நடுப்பாட்டில் திடீரென்று விடாதே. மெதுவான பாட்டில் ஆரம்பி. வேகத்தை விட இரண்டு காலும் ஒரே கனத்தில் விழுவதுதான் கஷ்டம், இடது கால் எப்போதும் தளரும். இடது காலை மட்டும் தனியாகத் தினம் பத்து நிமிடம் அடி.

புதுசு வாங்கப் பணம் சேர்ப்பதாக எழுதியிருந்தாய். வேண்டாம். 1999-இல் திண்ணையில் வைத்த அந்தப் பெடல் என் வீட்டுப் பரண் மேல்தான் இருக்கிறது. ஞாயிறு இறக்கிப் பார்த்தேன். ஒரு ஸ்பிரிங் போயிருந்தது, பட்டறையில் புதிதாகச் சுற்றிப் போட்டுவிட்டேன். சங்கிலிக்குத் தையல் மெஷின் எண்ணெய் விட்டிருக்கிறேன். சனிக்கிழமை ஆறு மணிக்கு மேல் ராயபுரம் ஸ்டேஷனுக்கு வா, கொண்டுவந்து தருகிறேன்.